சொல்லாலோ, எழுத்தாலோ, சைகையாலோ

எங்கள் மருந்தாளுநர் சங்கம் ஒழுக்க விதிகள் எழுத உட்கார்ந்தபோது முதல் கூட்டம் முழுக்கத் தலைப்பிலேயே போய்விட்டது. ஒருவர் 'நன்னடத்தை விதிகள்' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். கும்பகோணத்தில் கடை வைத்திருந்த எங்கள் தலைவர், நன்னடத்தை என்றால் ஜெயிலில் இருப்பவனை முன்கூட்டியே வெளியே விடுவதற்கான சொல் அல்லவா என்று கேட்டார். ஆட்சி மாறி ஆபீஸ் பலகைகளெல்லாம் தமிழாகிக்கொண்டிருந்த காலம் அது. நாங்களும் கம்பவுண்டர் என்ற பெயரை உதறிவிட்டு மருந்தாளுநர் ஆகியிருந்தோம். அந்தச் செய்தி ஊர்க்காரர்களுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. கடைசியில் 'தொழில் ஒழுக்க விதிகள்' என்று முடிவானது.

நான் செயலாளர். நோயாளியின் ரகசியம் பற்றிய விதியில் 'சொல்லாலோ, எழுத்தாலோ வெளியிடலாகாது' என்றுதான் முதலில் இருந்தது. 'சைகையாலோ' என்றும் சேர்க்க வேண்டும் என்று மேஜையைத் தட்டியவன் நான். காரணம், எதிர்ச்சாரியில் கடை வைத்திருந்த எங்கள் உறுப்பினர் ஒருவர். அவர் வாயே திறக்கமாட்டார். ஆனால் இப்போது போனவருக்கு என்ன உடம்புக்கு என்று யாராவது கேட்டால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் இரண்டு தரம் ஓடிக் காட்டுவார். மூத்த உறுப்பினர் ஒருவர், சைகை என்றால் எதுவரைக்கும் சைகை, கொட்டாவி விட்டால் சைகையா என்று எதிர்த்தார். நான் விடவில்லை. ஓடிக் காட்டுகிறவரும் எனக்கு ஆதரவாகவே வாக்களித்தார்.

எனக்கு அதில் சுயநலமும் உண்டு. வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊர் மாதிரி ஒரு சின்ன ஊரில், வாய் திறக்கமாட்டான் என்ற பெயர்தான் மருந்துக்கடை. அந்தப் பெயர் போனால் தலைவலி மாத்திரைக்குக்கூட ஜனங்கள் பஸ் ஏறிக் கும்பகோணம் போய்விடுவார்கள். நான் அந்தப் பெயரைச் சம்பாதித்து வைத்திருந்தேன், கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த வருஷம் குறுவை நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் அரிவாளை எடுக்க மறுத்துவிட்டார்கள். வெளியூர் ஆட்களை இறக்குவோம் என்று மிராசுதார்கள் சொல்ல, இறக்கிப் பாருங்கள் என்று இவர்கள் சொல்ல, போலீஸ் வேன் வந்து குளத்தங்கரையில் நின்றுகொண்டது. தாசில்தார் இரு தரப்பையும் பேச அழைத்தார். தாலுகா ஆபீசுக்கு வரமாட்டோம் என்று ஒரு தரப்பு, கோயில் மண்டபத்துக்கு வரமாட்டோம் என்று இன்னொரு தரப்பு. என் கடை மாடியில் இருந்த எங்கள் சங்கக் கூடம் பொது இடம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். நாற்காலி போடுவதும் தண்ணீர் வைப்பதும் என் தலையில் விழுந்தன.

மிராசுதார்களுக்காகப் பேச வந்தவரும் தொழிலாளர்களின் தலைவரும் என் வாடிக்கையாளர்கள். இப்போது இருவரும் இல்லை. இறந்தவர்களைப் பற்றி எங்கள் விதிகளில் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பேச்சுக்குச் சில நாள் முன்பு, மதியம் கடையைப் பாதி சாத்தியிருந்த நேரத்தில் அந்த மிராசுதார் வந்தார். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "எனக்கில்லப்பா. நமக்குத் தெரிஞ்சவர் ஒருத்தருக்கு. உட்கார்ற எடத்துல உஷ்ணம்," என்றார்.

"அவரை டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்களேன்."

"பார்க்கலாம். பார்த்தா காட்டணுமே."

அதே வாரம் தொழிலாளர் தலைவர் வந்தார். "ஒரு தோழருக்கு சார். சைக்கிள்ல ரொம்ப அலையறவரு," என்றார். அவர் தன் சைக்கிளை ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்திருந்தார். தெரிந்தவருக்கும் தோழருக்கும் வந்திருந்தது மூலம்தான் என்பது சொல்லாமலே விளங்கிற்று. இருவருக்கும் ஒரே களிம்பைக் கொடுத்தேன். படுக்கையில் கிடப்பவர்களுக்காக வாங்கி வைத்திருந்த காற்றடைத்த ரப்பர் வளையத்தையும் ஆளுக்கு ஒன்று கொடுத்து, அந்தத் தெரிந்தவரையும் அந்தத் தோழரையும் அதன் மேல் உட்காரச் சொல்லுங்கள் என்றேன்.

முதல் நாள் பேச்சில் தாசில்தார், "உட்காருங்க, பேசுவோம்," என்றார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். இவர்கள் இருவரும் உட்காரவில்லை.

பார்க்கிறவர்களுக்கு அதற்கு எத்தனை அர்த்தம். மிராசுதார் முன்னால் உட்காரக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாக நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் அந்தத் தொழிலாளர்கள். இப்போது மிராசுதார் நிற்கிறார் என்றால் தங்களோடு சமமாக உட்கார மனம் வரவில்லை என்று அவர்கள் முணுமுணுத்தார்கள். போட்ட நாற்காலியை மதிக்காமல் அவன் நிற்கிறான் பார் என்று மிராசுதார்கள் பக்கம் கறுவினார்கள். பின்னாலிருந்து ஓர் இளைஞன், "எங்கப்பா காலத்துலதான் நின்னோம். நீங்க ஏன் தோழர் நிக்கிறீங்க?" என்றான். தொழிலாளர் தலைவர் முகம் சுருங்கிவிட்டது.

"அவரு மொதல்ல உட்காரட்டும், நான் உட்காருறேன்," என்றார்.

"அவரே மொதல்ல உட்காரட்டும். நான் ஒண்ணும் வேணாங்கலையே," என்றார் மிராசுதார்.

அன்றைக்குப் பேச்சு அதோடு முடிந்தது. மறுநாளும் அப்படியே. தாசில்தார் தன் குறிப்பில் கூலிப் பிரச்சினை என்பதற்குக் கீழே இருக்கைப் பிரச்சினை என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். மாடிப்படியில் என்னை நிறுத்தி, "கூலியில ஏறக்கொறைய ஒத்து வந்துட்டாங்க சார். இவங்க ரெண்டு பேரும் உட்கார்ந்தா கையெழுத்துதான். ஏன் உட்கார மாட்டேங்கறாங்கன்னு ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார்.

"தண்ணி கொண்டாரச் சொல்லட்டுமா சார்?"

"ஒங்க ஊர்க்காரங்கதானே?"

"எல்லாருமே நின்னுகிட்டுப் பேசிட்டா என்ன சார்?"

"அரசாங்கம் நின்னுகிட்டுப் பேசாது," என்றார்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை விழுந்தால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். அறுத்தால்தான் அடுப்பெரியும் என்றிருந்த வீடுகளிலிருந்து பெண்கள் வந்து என் கடை வாசலில் மாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பெரிய மனிதர்களின் உட்காரும் இடத்தில் ஊர்ச் சோறு மாட்டிக்கொண்டிருக்கிறது, அது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும், வாயைத் திறக்கலாமென்றால் நானே எழுதிய விதி குறுக்கே நிற்கிறது.

சொல்லவில்லை, எழுதவில்லை. கடையில் இருந்த ரப்பர் வளையங்களை எல்லாம் மாடிக்குக் கொண்டுபோய்த் தாடை வலிக்க வாயால் ஊதினேன். இருவருக்கு மட்டும் வைத்தால் தெரிந்துவிடும், அதனால் மேஜையைச் சுற்றியிருந்த எல்லா நாற்காலிக்கும் வைத்தேன். மேலே துண்டு விரிக்கலாம் என்று பார்த்தால், அந்நாளில் எந்த நிறத் துண்டை எடுத்தாலும் அது ஒரு கட்சி. வெள்ளையும் கட்சிதான். வீட்டிலிருந்த பூப்போட்ட போர்வையைக் கிழித்து மூடினேன். என் மனைவி அதற்காக என்னோடு பேசாமல் இருந்தது தனிக் கதை.

மறுநாள் தாசில்தார் உட்கார்ந்தார், அரையடி மேலே எழும்பினார். இன்ஸ்பெக்டரின் வளையம் மெதுவாகக் காற்றை விட ஆரம்பித்தது. அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நின்ற இருவரும் தங்கள் நாற்காலியைக் கையால் அமுக்கிப் பார்த்தார்கள். அமுக்கியதுமே அடியில் இருப்பது என்ன என்று தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தார்கள்.

மதியத்துக்குள் கையெழுத்தானது. அன்று மாலையே வயலில் ஆள் இறங்கிவிட்டது. மழைக்கு முன் நெல் களம் சேர்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

அறுவடை முடிந்த கையோடு சங்கத்துக்கு ஒரு புகார் வந்தது. தன் விஷயத்தைத் தொழிலாளர் தலைவர் காதில் நான் போட்டேன் என்று மிராசுதார், மிராசுதார் காதில் நான் போட்டேன் என்று தலைவர். 'எங்களுக்கு இல்லாத ஒரு நோயைப் பற்றிய ரகசியத்தை உங்கள் செயலாளர் சைகையால் வெளியிட்டார்' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் பகுதியில் மிராசுதாரும் தொழிலாளியும், தாசில்தார் கூப்பிடாமல், தாங்களாகச் சேர்ந்து கையெழுத்திட்ட காகிதம் அது ஒன்றுதான்.

அதே கூடத்தில் விசாரணை. வளையங்களை எடுத்துவிட்டிருந்தோம், வெறும் மர நாற்காலிகள்தான். புகார் கொடுத்தவர்களும் வந்திருந்தார்கள்.

"மெத்தை எதுக்கு வச்சீங்க?" என்றார் எங்கள் சங்கத் தலைவர்.

"நாற்காலி கெட்டியா இருந்துச்சு."

"இத்தனை வருஷமா நாம இதுலதானே சார் உட்கார்றோம். அப்பல்லாம் கெட்டியா இல்லையா?"

உண்மையைச் சொன்னால் நான் தப்பிக்கலாம். இருவரையும் எப்படிப் பொத்திக் காத்தேன் என்று கூட்டம் புரிந்துகொள்ளும். ஆனால் சொல்லிய நொடியில் விதியை உண்மையாகவே மீறியவனாகிவிடுவேன். "சும்மாதான் சார்," என்றேன்.

மூத்த உறுப்பினர் எழுந்து, "கொட்டாவி சைகையான்னு அன்னிக்குக் கேட்டேன். நீங்கதான் எல்லாமே சைகைன்னீங்க," என்றார். ஓடிக் காட்டுகிற எதிர்க்கடைக்காரர், ரகசியம் காப்பது நம் தொழிலின் உயிர் என்று உருக்கமாகப் பேசினார். என்னைச் செயலாளர் பதவியிலிருந்து விலக்கி, கண்டனம் தெரிவித்து, அதைக் கடை வாசலில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் வந்தது. வாய் திறக்கமாட்டான் என்ற என் பெயர் அந்தக் காகிதத்தோடு போகும் என்று எனக்குத் தெரிந்தது.

தலைநிமிர்ந்து எதிரே பார்த்தேன். மிராசுதார் கால்மேல் கால் போட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருந்தார். தொழிலாளர் தலைவர் வெறும் மரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். இருவர் முகத்திலும் வலியின் சுவடே இல்லை. என் களிம்பு கேட்டிருக்கிறது.

அவர்கள் இருவரைத் தவிர அந்தக் கூடத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். சிரித்தால் அதுவும் சைகையாகிவிடும். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் எங்கள் சங்கத் தலைவர். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு நானும் கையைத் தூக்கினேன்.