ஜோதிலிங்கத்தின் கல்லீரல்

தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஜோதிலிங்கத்துக்குக் குடிகாரர் என்று பேர். மோரைத் தவிர வேறெதையும் அவர் குடித்ததில்லை. இளவயதில் வந்த மஞ்சள் காமாலை போகாமல் தங்கி, கல்லீரலை மெல்ல மெல்லச் சுருக்கிவிட்டது. இதை அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மனைவி வள்ளியம்மைக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

எண்பத்துமூன்றாம் வருஷம், ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்த டாக்டர் சேஷன் அவரிடம் ரத்தம் கேட்டார். தமிழர், பொறுமையாக விளக்கினார்.

"ரத்தத்துல புரதம் பழசாச்சுன்னா நுனி உதிர்ந்து, உள்ள இருக்கிற ஒரு சர்க்கரை வெளியே தெரியும். கல்லீரல்ல இன்னொரு புரதம் அந்தச் சர்க்கரையைப் பிடிச்சு, பழசை உள்ளே இழுத்துடும். நோய் முத்தினா பிடிக்கிற புரதம் குறையும், பழசு ரத்தத்துலயே தேங்கும். அதைத்தான் அளக்கிறோம்."

"அளந்தா குணமாயிருமா?" என்றாள் வள்ளியம்மை.

"ஆகாதும்மா. நீங்க உப்பைக் குறைங்க. இல்லேன்னா வயித்துல நீர் கோத்துக்கும்."

கூட வந்திருந்த நாத்தனார் செல்லம்மாள் காதில் விழுந்தது ஒரே சொல்: சர்க்கரை. மறுநாளே கரோல் பாக்கிலிருந்து பாகற்காயோடு வந்து இறங்கினாள். தம்பியின் காப்பிக்குச் சீனி போடுவது நின்றது.

"அவுகளுக்குச் சுகர் இல்ல மதினி! எத்தன தடவ சொல்லுதது?"

"டாக்டர் வாயாலயே சொன்னாருல்லா? எனக்கென்ன காதா செவிடு?"

போதாக்குறைக்கு, தம்பி வாய்க்கு ருசியில்லாமல் வாடுகிறானே என்று நார்த்தங்காய் ஊறுகாயை ரகசியமாகக் கொடுத்துவந்தாள். அவரும் சப்புக்கொட்டித் தின்றார். ஹோலிக்குள் வயிறு பானையாக வீங்கி, ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி நீர் இறக்க வேண்டியதாயிற்று.

கட்டிலடியில் கிடைத்த ஊறுகாய் ஜாடியை வள்ளியம்மை சேஷனின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தாள். "நீங்களே மதினிகிட்ட சொல்லுங்க டாக்டர். சர்க்கரைங்கிற வார்த்தை மட்டும் உங்க வாயில வரப்படாது!"

சேஷன் சிரிக்கவில்லை. செல்லம்மாளை உட்காரவைத்து உப்பைப் பற்றி மட்டும் பேசினார். அவள் அழுதாள். அப்புறம் அடித்தது பாருங்கள் எதிர்க்காற்று: வீட்டில் உப்பு டப்பாவையே காணோம். வள்ளியம்மையின் ரசத்துக்குக்கூட ஒரு கல் இல்லை. "எனக்கு என்ன நோய் மதினி?" என்று கத்தினால், "நீ போட்டா அவனும் கேப்பான்லா!" என்று பதில்.

உப்பில்லாமலே சில வருஷங்கள் ஓடின. மகள் கல்யாணத்தில் ஜோதிலிங்கம் நின்றுகொண்டே தாரைவார்த்தார். அடுத்த குளிர்காலத்தில், கடைசியாக எடுத்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "பழைய புரதம் ரொம்பத் தேங்கிப்போச்சும்மா, மகளை வரச்சொல்லுங்க" என்றார் சேஷன். மகள் வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவிருந்தது.

காரியம் முடிந்து குவார்ட்டர்ஸைக் காலிசெய்த அன்று செல்லம்மாள் டெம்போவோடு வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்கு வா. தனியா இருந்து யாரைத் திட்டுவ?"

வள்ளியம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஏறினாள்.