சேர்மன் கொடுத்த சிபாரிசு

பிளஸ் டூ படிக்கும்போது ராணுவ அகாடமிக்கு விண்ணப்பம் போட்டேன். பெரம்பலூரில் எனக்கு முன்னால் யாரும் போட்டதாகத் தெரியவில்லை. என்.சி.சி. வாத்தியார்தான் டெல்லிக்கு எழுதி விண்ணப்பத்தைத் தருவித்துக் கொடுத்தார். வயது வரம்பு முடிய இருந்ததால் எனக்கு அந்த ஒரு தடவைதான் வாய்ப்பு. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே அப்பா ஒரு வயதைக் கூட்டிப் போட்டு வைத்த புண்ணியம்.

அப்பா ஒரு அரசு ஆபீசில் பியூன். எங்கள் குடும்பத்தில் வயல் கூலிக்குப் போகாமல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். அந்த வேலையே யாரோ ஒருவர் சொல்லித்தான் கிடைத்தது. பெரிய மனிதர் எழுதிக் கொடுத்தால்தான் எந்தத் தாளும் நகரும் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் கிடையாது. நான் என்.சி.சி. சான்றிதழ், மாவட்ட ஓட்டப் பந்தயச் சான்றிதழ் என்று அடுக்கிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் எல்லாப் பயலும் வெச்சிருப்பான். வெயிட்டா ஒண்ணு வேணும்டா."

ஜெயங்கொண்டம் பக்கம் பஞ்சாயத்து யூனியன் முன்னாள் சேர்மன் ஒருவர் இருந்தார். லீவு போட்டுவிட்டு நாலு தடவை பஸ் ஏறிப் போனார் அப்பா. மூன்று தடவை, அய்யா வெளியூர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலாவது தடவை மத்தியானம் வரை வாசலில் நின்று, லெட்டர்பேடில் எழுதி வாங்கியே வந்துவிட்டார். 'எனக்கு மிகவும் வேண்டிய பையன், ஆவன செய்யவும்.' அந்த மனிதர் என்னைப் பார்த்ததே இல்லை. டெல்லியில் இவரை எவனுக்குத் தெரியும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா அதை எல்லாச் சான்றிதழுக்கும் மேலே வைத்துக் குண்டூசி குத்தினார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் நானும் ஆங்கில விதிமுறைகளைக் கடைசியாக ஒருமுறை வாசித்தோம். சிபாரிசு பிடித்தால் விண்ணப்பம் தள்ளுபடி என்று ஒரு வரி இருந்தது. வாத்தியார் மேலே இருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"இதை எடுத்துருடா. அப்பாகிட்ட பக்குவமா சொல்லிரு."

எடுத்தேன். சொல்லவில்லை. நாலு தடவை போய்க் கால்கடுக்க நின்ற மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

அரியலூரில் ரயிலேறி மெட்ராஸ் போய்ப் பரீட்சை எழுதினேன். பாசாகி, நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. அப்பா ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தார். பிறகு நேரே போய்ச் சேர்மனுக்கு மாலை போட்டார். "டெல்லிக்கு ட்ரங்க் கால் போட்டுச் சொன்னேன்ல" என்றாராம் அவர். மாதக்கணக்கில் உட்கார்ந்து பரீட்சைக்குக் கணக்குப் போட்டவன் நான், மாலை அந்த ஆளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

பெங்களூரில் நாலைந்து நாள் நேர்முகத் தேர்வு. கடைசி நாள் தேறியவர்களின் பெயரை வாசித்தார்கள். என் பெயர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை அப்பா. "அம்மாம் பெரிய மனுஷன் லெட்டர் குடுத்து, பாஸ் போட வெச்சு உள்ள அனுப்புனாரு. நீ போயி கெடுத்துட்டு வந்துட்டியேடா. இனிமே அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அந்த லெட்டர் டெல்லிக்குப் போவவே இல்லப்பா. நாந்தான் கிழிச்சிப் போட்டேன். வெச்சிருந்தா அப்பவே தள்ளியிருப்பான்."

அடி விழும் என்று நின்றேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்தப் பரிட்சை, யாரு தயவுமில்லாம நீயாவா பாஸ் பண்ணுன?"

"ஆமாப்பா."

"ஒன்னால முடியும்னு எனக்குத் தோணவே இல்லையேடா" என்றார். சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. தோற்று வந்ததற்கு அதுவரை நான் அழவில்லை. அப்போது அழுதேன்.