பாடியில் எரிந்து கள்ளிக்குப்பத்தில் அணைந்த விளக்கு

உங்களை ஒன்று கேட்கிறேன். நெஞ்சைத் தொட்டுப் பதில் சொல்லுங்கள். உங்கள் வண்டி பின்னோக்கி நகரும்போது அதன் பின்னால் நிற்பவர் யார்?

மோட்டார் வண்டிகளின் மின்வேலை என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கையால் துழாவித் தேடும் தொழில். மெக்கானிக் தேடும் குற்றவாளி உடைந்த பல்சக்கரமாக அவன் உள்ளங்கையில் வந்து விழுவான். நாங்கள் தேடும் குற்றவாளியோ, மின்சாரம் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்பை நீட்டிய மறுகணமே நல்ல பிள்ளையாகிவிடுவான். என்னைப் போல வயரோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டும் அன்பர்களே, தொண்ணூறுகளில் சென்னையின் பாடியில் நான் ஷெட் வைத்திருந்தபோது ஒற்றை ரிவர்ஸ் விளக்கு என்னைப் படுத்திய பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நல்ல பிள்ளை

ஏகாம்பரம் கள்ளிக்குப்பத்துக்காரர். பழைய பிக்கப் வண்டி ஒன்றைச் சொந்தமாக ஓட்டிக்கொண்டு, அம்பத்தூர் பட்டறைகளிலிருந்து வார்ப்பிரும்புச் சாமான்களை ஏற்றிவந்து பாடியில் இறக்குவார். ஆயுத பூஜை முடிந்த புதிதில் ஒரு நாள் வந்தார். வண்டியின் பின்புறம் முழுவதும் மஞ்சள் பெயிண்ட் பூசிப் புதுமாப்பிள்ளைபோல் மின்னிற்று. அழகாக இருக்கிறதென்று நானும் மனமாரப் பாராட்டினேன். ரிவர்ஸ் விளக்கு மட்டும் எரியவில்லை என்றார்.

அந்த வண்டிக்கு ரிவர்ஸ் விளக்கு ஒன்றே ஒன்று. பின்கதவுக்குக் கீழே, ஓர் இரும்புத் தாங்கியில் பொருத்தியிருக்கும். பின்கதவைத் தொங்கவிட்டு, வண்டியின் தளத்தில் கருவிப் பையைப் பரப்பிக்கொண்டு வேலை செய்வது என் வழக்கம். அவ்வாறே செய்துவிட்டு, சாவியைத் திருப்பி ரிவர்ஸ் கியரைப் போடச் சொன்னேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பல்பின் அடியை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன், அப்போதும் எரிந்தது. எரியும் விளக்கை எப்படிப் பழுது பார்ப்பது? வணங்கி அனுப்பிவைத்தேன். மறுநாள் காலையில் ஷெட்டைத் திறக்கும் முன்பே ஏகாம்பரம் வாசலில் நின்றிருந்தார்.

"அண்ணாத்தே, உன்னாண்ட எரியுது, என் ஊட்டாண்ட எரியமாட்டேங்குது. அதுக்கு என்னிய கண்டா ஆவாதா?"

கியர் பாக்ஸின்மேல் பழி

குழம்பிய மனிதன் முதலில் செய்வது அடுத்தவன்மேல் பழிபோடுவது. நானும் மனிதன்தான். ரிவர்ஸ் விளக்குக்கான ஸ்விட்ச் கியர் பாக்ஸில் இருக்கிறது. கியர் பாக்ஸ் என் பொறுப்பன்று, பக்கத்து ஷெட் மெக்கானிக் அந்தோணியின் பொறுப்பு. ஆகவே குற்றம் அங்கேதான் என்று உறுதியாகச் சொன்னேன். அந்தோணி முணுமுணுத்தபடி வண்டிக்கு அடியில் படுத்து, பழைய ஸ்விட்சைக் கழற்றிப் புதியதை மாட்டினார். பின்கதவு தொங்கிக்கொண்டிருந்தது, விளக்கு எரிந்தது. மூவரும் மகிழ்ந்து டீ குடித்தோம்.

அன்று மாலையும் கள்ளிக்குப்பத்தில் விளக்கு எரியவில்லை. செய்தி வந்ததும் அந்தோணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் ஷெட்டுக்கே வந்தார்.

"மாமே, நல்லா இருந்த ஸ்விட்ச கழட்டவெச்சியே, இப்ப அந்த வண்டிக்குக் கண்ணு இல்லியா, இல்ல உனக்கு இல்லியா?"

வேலப்பன்சாவடியின் மகிமை

இவ்விடத்தில் ஏகாம்பரத்தின் வீட்டை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். வண்டியைத் திருப்ப இடமில்லாத குறுகிய சந்து, கடைசியில் மதில். இருட்டும் வேளையில் வீடு திரும்பும் ஏகாம்பரம் சந்துக்குள் பின்னோக்கித்தான் வர இயலும். விளக்கு எரியாத நாள்முதலாக அவர் மனைவி மல்லிகா வண்டிக்கும் மதிலுக்கும் நடுவில் நின்று, பின்கதவைத் தட்டித்தட்டி "வா, வா, நிறுத்து" என்று குரல் கொடுத்து வந்தார். அதை அறிந்த நாள்முதல் எனக்கு இது வெறும் விளக்குப் பிரச்சினையாகத் தோன்றவில்லை.

வயரை முன்னிருந்து பின்வரை மாற்றினேன். இரண்டு நாள் கழித்து ஏகாம்பரம் சிரித்த முகத்துடன் வந்தார். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரிக் கட்டடத்துக்கு நீளமான குழாய்கள் ஏற்றிச் சென்றாராம். குழாய்கள் வெளியே நீண்டதால் பின்கதவைத் தொங்கவிட்டே ஓட்டினாராம். அங்கே பின்னோக்கி எடுத்தபோது விளக்கு நிலவாக எரிந்ததாம். காலி வண்டியோடு கதவை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மறுபடியும் இருட்டு. அவர் கதவைப் பற்றிச் சொன்னது என் காதில் விழுந்தது, அறிவில் விழவில்லை. வண்டிக்கு வேலப்பன்சாவடி பிடிக்கிறது, கள்ளிக்குப்பம் பிடிக்கவில்லை என்று முடிவு செய்யும் நிலைக்கே வந்துவிட்டேன். அந்தோணி அதற்கும் ஏகாம்பரத்திடம் வழி சொன்னார்.

"நைனா, பேசாம ஊட்ட அங்க மாத்திக்க, வண்டி ஆசப்படுது இல்ல?"

பாடும் வண்டி

விளக்கை நம்பிப் பயனில்லை என்று, ஏகாம்பரம் ரிவர்ஸில் மெட்டுப் பாடும் ஹார்ன் ஒன்றை வாங்கிவந்து மாட்டச் சொன்னார். ஹார்னை வண்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கி, விளக்குக்குச் செல்லும் அதே வயரிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்தேன். அது தெருவே திரும்பிப் பார்க்கும்படி பாடியது. என் குழப்பம் இரட்டிப்பாயிற்று. ஹார்ன் பாடினால் ஸ்விட்ச் நலம், வயர் நலம், ஃபியூஸ் நலம். விளக்கு வரை மின்சாரம் வந்துசேர்கிறது. வந்த மின்சாரத்தை விளக்கு ஏன் ஏற்க மறுக்கிறது? பகலெல்லாம் இதையே நினைத்து, வேறொருவர் காரில் இடது இண்டிகேட்டரை வலப்பக்கம் எரியும்படி மாட்டிக் கொடுத்து ஏச்சும் வாங்கினேன்.

வீட்டில் ஹார்னுக்குக் கிடைத்த வரவேற்பை ஏகாம்பரம் மறுநாள் அப்படியே ஒப்பித்தார். மல்லிகா சொன்னது இதுதான்:

"யோவ், அது பாடுனா எனக்கு நீ வர்றது தெரியும், உனக்கு நான் நிக்கிறது எப்புடிய்யா தெரியும்?"

நசுங்கிய குடம்

அடுத்த வாரத்தில் ஒரு காலை, வண்டியின் முன்னிருக்கையிலிருந்து மல்லிகாவே இறங்கினார். மடியில் வைத்துக்கொண்டு வந்தது, அப்பளமாக நசுங்கிய ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம். முந்தின நாள் மாலை தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வழக்கம்போல் மதிலோரம் நின்றிருக்கிறார். ஹார்ன் பாட்டில் அவர் "நிறுத்து" என்றது கேட்கவில்லை. அவர் பக்கவாட்டில் தாவினார். குடத்துக்குத் தாவத் தெரியவில்லை. ஏகாம்பரம் தலைகுனிந்து நின்றார். எனக்கும் நிமிரத் தோன்றவில்லை.

பின்கதவைத் தொங்கவிட்டேன். ரிவர்ஸ் கியர் போட்டதும் விளக்கு, எதுவுமே நடவாததுபோல, எரிந்தது. "பாத்தீங்களா, உங்களாண்ட மட்டும் எப்புடி நடிக்குது!" என்ற மல்லிகா, ஆத்திரத்தோடு குடத்தை வண்டிக்குள் வீசிவிட்டுப் பின்கதவைத் தூக்கி ஓங்கி அறைந்து மூடினார். விளக்கு அணைந்தது. அந்தோணி மெல்ல வந்து கதவைத் தொங்கவிட்டார், எரிந்தது. மூடினார், அணைந்தது. மறுபடி தொங்கவிட்டார், எரிந்தது.

"இன்னா மாமே, பிக்கப்புக்கு போய் ஃபிரிட்ஜ் லைட்ட மாட்டி வெச்சிருக்கே?"

மஞ்சள் பெயிண்ட்

குனிந்து பார்த்தேன். தொங்கும் கதவின் கொக்கி, விளக்கின் இரும்புத் தாங்கியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாங்கியைக் கழற்றினேன். ஆயுத பூஜைக்காக ஏகாம்பரம் விளக்கைக் கழற்றி, அடியில் இரண்டு பூச்சு பெயிண்ட் அடித்து, துருப்பிடிக்கக் கூடாதென்று சைக்கிள் டியூபை வெட்டி வாஷராகப் போட்டுத் திரும்ப மாட்டியிருந்தார். பக்தியும் அக்கறையுமாக, விளக்குக்கும் வண்டியின் இரும்புக்கும் இருந்த உறவை முழுவதுமாக அறுத்திருந்தார். மின்சாரம் விளக்கு வரை வந்தது. வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிப் போக வழியில்லை. கதவு தொங்கியபோது கொக்கி வழியாக அதற்கு வழி கிடைத்தது. நான் பழுது பார்த்த ஒவ்வொரு முறையும் என் வழக்கமே அந்தப் பழுதை மறைத்திருக்கிறது!

அன்பர்களே, வந்துசேர்வது வாழ்வின் பாதியே. திரும்பிச் செல்ல வழியிருந்தால்தான் ஒளி. உழைத்துச் சம்பாதித்ததெல்லாம் நம்மை வந்தடைகிறது. நமக்காக மதிலோரம் நிற்பவர்களுக்கு நம்மிடமிருந்து திரும்பிச் செல்வது என்ன? மேலே அழகாகப் பூசிய பூச்சு எத்தனை வீடுகளில் அந்த வழியை அடைத்திருக்கிறது!

அரத்தால் பெயிண்டைச் சுரண்டி, டியூபை எறிந்து, இரும்போடு இரும்பு படும்படி முடுக்கினேன். கதவை மூடினோம், விளக்கு எரிந்தது. ஆயினும் நம்பிக்கை வராமல், அன்று மாலை நானே கள்ளிக்குப்பத்துக்குப் போனேன். மல்லிகாவைத் தெருவோரம் என் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். மதிலோரம் அன்று ஆளில்லை. ஏகாம்பரம் பின்னோக்கி வந்தார். வெள்ளை ஒளி சந்து முழுவதும் பரவி மதில்மேல் விழுந்தது. மல்லிகா மதிலை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

"அடப்பாவி, செவுத்துல இத்தினி எடத்துல இடிச்சி வெச்சிருக்கியா? இதுக்கெல்லாம் நடுவுலயாய்யா நான் நின்னுகினு இருந்தேன்?"

ஆகவே உங்களை இறைஞ்சிக் கேட்கிறேன்: நாளைக்கென்று தள்ளாமல் இன்று இருட்டுவதற்குள், உங்களுக்காகப் பின்னால் நிற்பவரை முதலில் விலகச் சொல்லிவிட்டு, வண்டி சாலையில் எப்படி ஓடுமோ அப்படியே எல்லாக் கதவுகளையும் மூடி, ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்று நீங்களே இறங்கிப் பாருங்கள், "என் ஷெட்டில் எரிந்ததே" என்று சொல்லும் எலெக்ட்ரீஷியனை மட்டும், நானே ஆனாலும், நம்பிவிடாதீர்கள்.