என்னைவிட நன்றாக விமானம் செய்த முருகேசன்

முருகேசன் போய்விட்டார். நேற்றுக் காலை, பிளானோவில், வீட்டில். ஹார்ட் அட்டாக்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தபோது கடையில் பில் போட நின்றிருந்தேன். சாமான் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தேன்.

பதினோரு வருடம் எனக்குப் பக்கத்து க்யூபிக்கிள். நாமக்கல்காரர். நல்ல மனுஷன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள்... நல்ல மனுஷன்தான்.

ஆனால் எனக்கு அவர்மேல் பொறாமை இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் பொய்யாகிவிடும்.

எல்லாம் பிளாஸ்டிக் விமானத்தால் வந்தது.

சின்ன வயதில், திருச்சியில், அப்பா எனக்கு மாடல் விமானக் கிட் வாங்கித் தருவார். பேங்க் மீட்டிங்குக்குச் சென்னை போனால் பெட்டியோடுதான் திரும்புவார். குட்டிக் குட்டிப் பாகங்களை பிளேடால் வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். விரலில் பசை காய்ந்து உரியும். அந்த வாசனை... பிளஸ் டூவோடு எல்லாம் நின்றது.

ஒருநாள் லஞ்சில் இதை முருகேசனிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நான் இதையெல்லாம் கையில தொட்டதுகூட இல்லீங்க ரேவதி. எங்க ஊர்ல எங்க பார்த்தாலும் லாரிதான்."

"இப்ப வாங்குங்களேன். நானும் திரும்ப ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

அங்கேயே, அப்போதே, ஃபோனில் ஆர்டர் போட்டோம். இரண்டு பேருக்கும் ஒரே ஸ்பிட்ஃபயர் போர் விமானக் கிட்.

என்னுடையதை முடிக்க மூன்று மாதம் ஆனது. இறக்கையில் பசை வழிந்திருந்தது. கண்ணாடி மூடியில் என் கட்டைவிரல் ரேகை. "இட்ஸ் க்யூட், மா" என்றாள் மகள். க்யூட்!

முருகேசன் அவருடையதை ஷூ பெட்டியில் வைத்து ஆபீஸுக்கு எடுத்து வந்தார். வாழ்க்கையில் அவர் செய்த முதல் விமானம். இரண்டு பாதியையும் ஒட்டிய கோடுகூடத் தெரியவில்லை. எஞ்சின் ஓரத்தில் நிஜ விமானம் மாதிரியே புகை படிந்த கறை வேறு தீட்டியிருந்தார்.

டீம் முழுக்க அவர் மேஜையைச் சுற்றி நின்றது. "ரேவதிதாங்க குரு" என்றார். நான் சிரித்து வைத்தேன்.

வயிறு எரிந்தது. அது என்னுடைய சின்ன வயசு. அதை இந்த மனுஷன் எப்படி இவ்வளவு நன்றாகச் செய்யலாம்?

அடுத்த வருடம் இந்த ஊர் மாடல் கிளப்பின் போட்டிக்கு இரண்டு பேருமே பெயர் கொடுத்தோம். அவர் செய்திருந்தது முதல் உலகப் போர் காலத்து இரட்டை இறக்கை விமானம். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே கம்பி போகும் இல்லையா... அதற்குத் தன் மனைவி செல்வியின் தலைமுடியை இழுத்து ஒட்டியிருந்தார்!

வழியில் உடையக் கூடாது என்று ப்ரொப்பெல்லரைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தார். ஹாலுக்கு வெளியே, பார்க்கிங் லாட்டில், கார் பானெட் மேல் வைத்து அதைச் சொருகினார்.

முன்பின் மாற்றிச் சொருகிவிட்டார்.

வளைந்த பக்கம் முன்னால் இருக்க வேண்டும். அவருடையதில் பின்னால் இருந்தது. பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இழுத்துத் திருப்பிச் சொருகினால் பத்து விநாடி வேலை.

"சரியா இருக்குங்களா ரேவதி? ஏதாச்சும் விட்டுப்போச்சான்னு பாருங்க."

"சூப்பர், முருகேசன். எல்லாம் கரெக்டா இருக்கு."

உள்ளே ஜட்ஜ் ஒருவர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். ப்ரொப்பெல்லரைத் தொடாமல் விரலால் காட்டி ஏதோ சொன்னார். முருகேசன் முகம் சுருங்கியது. அவருக்குப் பரிசு இல்லை. எனக்கும் இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால்... வீடு திரும்பும்போது டோல்வேயில் இரண்டு எக்ஸிட் தாண்டும் வரை இருந்தது.

திங்கட்கிழமை என் க்யூபிக்கிள் வாசலில் வந்து நின்றார்.

"நீங்க பார்த்தீங்கதானே?"

"...ஆமா."

"சொல்லியிருக்கலாமுங்க."

அவ்வளவுதான். இரண்டு வாரம் லஞ்சுக்கு என் பக்கம் வரவில்லை. மூன்றாவது வாரம் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தார். சாம்பல் கலர் பெயின்ட்டில் எது நல்லது என்று கேட்டார். நான் ஸாரி சொன்னேன். "விடுங்க" என்றார்.

அதற்கு அடுத்த வருடம் அவருக்கு முதல் பரிசு. அந்த ஃபோட்டோ இங்கே முகநூலில்தான் இருக்கிறது. கீழே எல்லாரும் கங்கிராட்ஸ் போட்டிருப்பார்கள். என்னுடையது ஒரு லைக் மட்டும். மூன்று தடவை டைப் பண்ணி அழித்தேன்.

ஆனால் அதற்கப்புறமும் ஒவ்வொரு பெட்டியையும் முதலில் என்னிடம்தான் திறந்து காட்டினார். "பார்த்துச் சொல்லுங்க" என்பார். கண்ணில் பட்ட குறையையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாதி நேரம் சொல்வதற்கு எதுவுமே இருக்காது. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

இன்று மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூட்டத்திலிருந்து செல்வி என்னைக் கராஜுக்கு அழைத்துப் போனாள். மேஜையில் பாதி முடித்த விமானம் ஒன்று இருந்தது. விமானி உட்காரும் இடத்தில் மீட்டர்கள்... ஒவ்வொன்றும் கடுகு அளவு. ஒவ்வொன்றிலும் வெள்ளையாக முள் வரைந்திருக்கிறார்.

எந்த பிரஷ் என்றுதான் முதலில் தேடினேன். மனுஷன் செத்துப்போயிருக்கிறார், நான் பிரஷ் தேடுகிறேன்.

"நீங்களே எடுத்துட்டுப் போய் முடிச்சுருங்க அக்கா. அவரு இருந்திருந்தா உங்ககிட்டதான் குடுத்திருப்பாரு."

"என்னால முடியாது செல்வி. இந்த அளவுக்கு எனக்கு வராது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விமானத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

போய் வாங்க, முருகேசன்.