வளையலைக் குலுக்கியும் அசையவில்லை

வளைகாப்பு நாளிலிருந்தே, வயிற்றருகே வளையலைக் குலுக்கினால் பிள்ளை உதைக்கும். இன்று காலையிலிருந்து அசைவே குறைவு.

கோட்டையூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ் ஏறினேன். நான் குலுக்கிக்கொண்டே வந்ததைப் பார்த்து, பக்கத்து சீட்டு அக்கா என்னவென்று கேட்டார்.

"ஒன்பதாம் மாசம். பிள்ளை சரியா அசையலக்கா."

"மாசம் முத்திருச்சுல்ல, உள்ள எடமில்ல. அப்படித்தான் அடங்கிக் கெடக்கும். பயப்படாதீக, வீட்டுக்குப் போயி படுங்க."

முன் சீட்டிலும் தலையாட்டினார்கள். எனக்கே இறங்கித் திரும்பிவிடலாம் போலிருந்தது. இருந்தும் இறங்காமல் ஆஸ்பத்திரிக்கே போனேன்.

"கடைசி வரைக்கும் அசையணும்மா. காலையிலயே ஏன் வரல?" என்று திட்டியபடியே நர்ஸ், பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் பெல்ட்டை வயிற்றில் கட்டினார். துடிப்பு கேட்கிறது. ஆனாலும் வீட்டுக்கு விடவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் எழுதுகிறேன். கமெண்டில் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், "பயப்படாதீக" மட்டும் வேண்டாம்.