எந்த நாள் என்று அம்மா கேட்டாள்

மாமா எங்கள் வீட்டிலிருந்து கடைசியாகக் கிளம்பிப் போனது ஒரு திங்கட்கிழமை காலையில். சனி, ஞாயிறு எங்களோடு இருந்துவிட்டு, துவைத்த சட்டைகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டு, வாசலில் குனிந்து ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவும் வேலைக்குப் போகும் அவசரத்தில் இருந்தாள். ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி, "புதன்கிழமை போன் பண்ணுவேல்ல?" என்றாள்.

"பண்றேன்க்கா."

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போலாம்ல."

"பஸ்ஸு என்ன உங்க பல் ஆஸ்பத்திரியா, நான் வர்ற வரைக்கும் காத்துட்டு நிக்க?"

அவ்வளவுதான் பேச்சு. பிறகு விசாரணையில் அம்மா இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டவர்கள் ஒவ்வொரு முறையும், அப்புறம் என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போனார்.

அம்மாவுக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த மேசைதான். கண்ணாடிக் கதவைத் திறந்தால் கிராம்பு எண்ணெய் வாசனை வரும். உள்ளறையிலிருந்து துளையிடும் கருவியின் ரீங்காரம் வரும். இரண்டுக்கும் நடுவில் அம்மா உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்களுக்கு நேரம் கொடுப்பது பாதி வேலை. நேரம் வாங்கிக்கொண்டு வராமல் போகிறவர்களைத் துரத்திப் பிடிப்பது மீதி. பத்து நிமிடம் தாமதமானால் போனைக் கையில் எடுத்துவிடுவாள்.

"என்ன சார், வலி போயிடுச்சா, பயம் வந்துடுச்சா?"

"வழியில இருக்கேம்மா, டிராஃபிக்."

"டிராஃபிக்ல குக்கர் விசில் அடிக்குதே. டாக்டர் உங்களைக் கடிக்க மாட்டாரு, வாங்க."

வந்துவிடுவார்கள். டாக்டருக்கு இதில் ஏகப் பெருமை. "இந்தம்மா கூப்பிட்டா செத்தவன்கூட எழுந்து வந்து வாயைத் திறப்பான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மாமா இறந்த பிறகு அவர் அந்த வேடிக்கையைச் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை பழக்க தோஷத்தில் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கை கழுவப் போய்விட்டார்.

மாமா அம்மாவைவிடப் பதினோரு வயது சின்னவர். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததும் தம்பியைப் படிக்க வைக்கத்தான் அம்மா அந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அப்பா எங்களை விட்டுப் போன பிறகு வீட்டில் மிஞ்சியது நாங்கள் மூவர். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க, மூத்தவனுக்குத்தான் முடி கொட்டிப்போச்சு" என்பாள்.

மாமா உளவுத்துறையில் வேலை பார்த்தார். தெருவில் வானிலை ஆய்வு அலுவலகம் என்று சொல்லி வைத்திருந்தோம். அதனால் அவருக்கு 'வானிலை' என்றே பெயர் விழுந்துவிட்டது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், மாமா தலையைப் பார்த்தால் விடமாட்டார்.

"என்ன வானிலை, இன்னிக்கு மழை உண்டா?"

"பேஞ்சாத் தெரிஞ்சுடும்."

"இதைச் சொல்லத்தான் மாசாமாசம் சம்பளம் குடுக்கறாங்களா?"

"சொல்லாம இருக்கறதுக்குங்க."

அவர் வேலையில் சேர்ந்த வாரமே அம்மாவிடம் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். "அக்கா, நான்தான் உனக்குப் போன் பண்ணுவேன். நீ பண்ணாதே. நான் எங்க இருப்பேன், யார் பக்கத்துல இருப்பாங்கன்னு எனக்கே தெரியாது. ரெண்டு நாள் மூணு நாள் சத்தமே இல்லைன்னாலும் தேடாதே. நானே வருவேன்." ஊரிலுள்ளவர்களையெல்லாம் தேடிப் பிடிக்கிற அம்மா, இந்த ஒருவரை மட்டும் தேடாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். சில வாரம் புதன்கிழமைப் போன் வராது. சனிக்கிழமை அவரே வந்து நிற்பார். "வேலை" என்பார். அதற்கு மேல் கேட்பதில்லை. காலப்போக்கில் கேட்கத் தோன்றுவதும் இல்லை.

அந்த வாரம் புதன்கிழமைப் போன் வரவில்லை. வியாழக்கிழமை மதியம், வரவேற்பறையில் யாரும் இல்லாத நேரத்தில், அம்மா மாமாவின் எண்ணைப் பாதி அழுத்திவிட்டுப் போனை வைத்துவிட்டாள். சனிக்கிழமை அவர் வரவில்லை. "வேலையா இருக்கும்" என்றாள் என்னிடம். நானும் "இருக்கும்" என்றேன்.

அடுத்த புதன்கிழமை அவருடைய அலுவலகத்திலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறை. "உங்க தம்பி அங்க இருக்காரா?" என்று ஒரு குரல் மரியாதையாகக் கேட்டது. அந்த அலுவலகம் ஒருவரைத் தேடுகிறது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மாமாவின் அறை நகரத்தின் மறுமுனையில், ஒரு அச்சகத்துக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. வீட்டுக்காரர் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்தார். திறந்ததும் அவரே அம்மாவைப் பின்னால் தள்ளி, "நீங்க பாக்க வேண்டாம்மா" என்றார். மாமா கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவில் தரையில் கிடந்தார். ஒரு காலில் மட்டும் ஷூ இருந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன, வெயில் காலம். அவருடைய சாவி அறைக்குள் இல்லை, உடையில் இல்லை, எங்கேயும் கிடைக்கவில்லை.

உள்ளே செத்துக் கிடக்கிறவர் வெளிக்கதவை எப்படிப் பூட்டியிருக்க முடியும் என்று கேட்க வக்கீல் படிப்பு வேண்டாம். எலக்ட்ரீஷியன்கூட அதைத்தான் கேட்டார். ஆனால் அலுவலகத்திலிருந்து வந்தவர் மன அழுத்தம் பற்றிப் பேசினார். தனிமை பற்றிப் பேசினார். சாவியைப் பற்றிக் கேட்டால், அது காவல்துறையின் விஷயம் என்றார். காவல்துறையில் கேட்டால், அந்த அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள்.

விசாரணை ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் நடந்தது. மின்விசிறி காகிதங்களைப் பறக்கடிக்கும் என்று அணைத்து வைத்திருந்தார்கள். மாமாவின் வேலை என்ன என்று அங்கேதான் முதன்முதலாகத் தெரிந்தது. ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, பிறர் போனில் பேசுவதைக் கேட்டு எழுதுவது. நாள் முழுக்க அதுதான். சனிக்கிழமைகளில் அவர் ரேடியோவை அணைத்துவிட்டுச் சமையலறையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அப்போதுதான் எனக்குக் காரணம் கிடைத்தது.

"ஒரு ஊழியர் ஒரு வாரத்துக்கு மேல வரலை. யாருமே விசாரிக்கலையா?" என்று நீதிபதி கேட்டார்.

"எங்க ஆபீஸ்ல காலி நாற்காலியைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க ஐயா" என்றார் அலுவலகத்துக்காரர். "வெளி வேலைக்கு அனுப்பியிருப்பாங்கன்னு நினைச்சுக்குவாங்க. அது எங்க வழக்கம். அவர் மேலதிகாரி லீவுல இருந்தார். அந்தப் புதன்கிழமை வரைக்கும் எங்களுக்கு எதுவும் தெரியாது."

நீதிபதி அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க?"

"நானும் கேக்கலைங்க" என்றாள் அம்மா. "வியாழக்கிழமை போனை எடுத்தேன். வெச்சுட்டேன்."

உடலைப் பரிசோதித்த மருத்துவர், வெப்பத்தாலும் தாமதத்தாலும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது என்றார். விஷமா, மாரடைப்பா, யாராவது கழுத்தை நெரித்தார்களா, எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. கேள்வி உண்டா என்று அம்மாவிடம் கேட்டபோது, யார் செய்தது என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து, "எந்த நாள் டாக்டர்?" என்று கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா. திங்கள் ராத்திரியா இருக்கலாம். வியாழன், வெள்ளியாவும் இருக்கலாம்."

"உசிரோட கிடந்திருப்பானா? ரெண்டு மூணு நாள்?"

"அதையும் மறுக்க முடியாது."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். காரணம் தெரியவில்லை என்று தீர்ப்பு வந்தது. அந்த வார்த்தைகளை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அவளுக்கு வேண்டியது வியாழக்கிழமை மட்டும்தான். அந்த மதியம் மணி அடித்திருந்தால் கேட்க அங்கே ஒரு காது இருந்ததா இல்லையா.

நான் வீட்டில் இருக்க முடியாமல் கிளம்பினேன். துறைமுக ஊர்களில் பாத்திரம் கழுவினேன், படகுகளில் சமைத்தேன், பனி கொட்டுகிற ஊரில் நாய்களைப் பார்த்துக்கொண்டேன். எங்கே இருந்தாலும் அம்மாவின் போன் வரும், எந்த நேரத்திலும்.

"சும்மாதான். இருக்கியா?"

"இருக்கேம்மா."

"சரி, வை."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒரு முறை கடுப்பில், "தினமும் இதையே கேக்கறியே, இல்லைன்னா யார் எடுப்பா?" என்றேன். "அதுக்குத்தான் கேக்கறேன்" என்றாள்.

இதற்கிடையே அவள் மறுபடி விசாரிக்கச் சொல்லி மனுக்களும் கொடுத்துக்கொண்டிருந்தாள். விசாரணை நடந்த கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் மனு வாங்குகிற எழுத்தருக்கு அவள் பழகிவிட்டாள். பல்லைக் காட்டி யோசனை கேட்கிற அளவுக்குப் பழக்கம். "கடைவாய்ப் பல்லுங்கம்மா, பிடுங்கிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே முத்திரை குத்துவார். பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் வரிக்கு வரி அப்படியே வரும்.

போன வருஷம் நான் திரும்பி வந்தபோது அம்மாவுக்கு முழங்கால் போயிருந்தது. டாக்டர் மேசையைக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டிருந்தார். இப்போதும் வராதவர்களைக் கூப்பிடுகிறாள். ஆனால் வேடிக்கை எல்லாம் போய்விட்டது. "இருக்கீங்களா? சரி. எப்ப முடியுமோ வாங்க" என்று வைத்துவிடுகிறாள். எலக்ட்ரீஷியன் என்னிடம், "உங்கம்மாவைக் கொஞ்சம் திட்டச் சொல்லும்மா. இப்படிப் பேசினா எனக்குப் பல்லோட சேர்த்து நெஞ்சும் வலிக்குது" என்றார்.

"ஏம்மா இன்னும் அந்த வியாழக்கிழமையையே பிடிச்சுட்டு இருக்கே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வேற எதையும் என்னால மாத்தியிருக்க முடியாதுடி" என்றாள். "அது ஒண்ணுதான் என் கையில இருந்தது."

ஒரு பகல் வேளையில், அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். மருத்துவமனைக் கைபேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. நேரம் கேட்டு யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திறந்தாள். படித்தாள். மேலே தள்ளி மறுபடியும் படித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே டாக்டர் அடுத்தவரை அனுப்பச் சொல்லி மணி அடித்தார். அவள் எழவில்லை. "சத்தமாப் படி" என்றாள். "நான் சரியாத்தான் படிச்சேனான்னு பாக்கணும்."

"அம்மா, வணக்கம். நான் உங்க தம்பி ஆபீஸ்ல வாசல் காவலுக்கு இருந்தவன். இப்ப ரிட்டயர் ஆயிட்டேன். உடம்பும் சரியில்லை. விசாரணை அன்னிக்கு நீங்க டாக்டர்கிட்ட எந்த நாள்னு கேட்டப்ப நான் கதவுக்கு வெளியில நின்னுட்டு இருந்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயம். புதன்கிழமை வரைக்கும் தெரியாதுன்னு அவங்க சொன்னது பொய்ங்க. முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை, விடிஞ்சு ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே, அவர் அலமாரியைக் காலி பண்ணச் சொல்லி எனக்கு உத்தரவு வந்துச்சு. ஒரு ஸ்வெட்டர், ஒரு டப்பா, ஒரு ஜோடி செருப்பு இருந்துச்சு. சார் வந்தா என்ன சொல்றதுன்னு கேட்டேன். இனி வரமாட்டார்னு சொன்னாங்க. யார் செஞ்சது, ஏன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சது இவ்வளவுதான். நீங்க வியாழக்கிழமை கூப்பிட்டிருந்தாலும் அவர் எடுத்திருக்க மாட்டாரும்மா."