ராத்தங்கக் கூடாத வாரம்

பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுவாரமே எங்கள் என்ட்ரன்ஸ் வகுப்பு தொடங்கிவிடும். தொண்ணூறுகளின் நடுவில், கோவில்பட்டியில் பொறியியல் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு நான் கணக்கும் இயற்பியலும் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பாத்திரக்கடையின் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வகுப்பு. சித்திரை வெயிலில் அந்தக் கூரையடியில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அதற்கப்புறம் எந்தப் பரீட்சையும் பெரிதாகத் தெரியாது என்று என் அக்கா கேலி செய்வாள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள். பத்து மார்க் கேள்வி கொடுத்தால் ஐந்து பக்கம் எழுதுவார்கள். நான்கு விடையைக் கொடுத்து ஒன்றைத் தொடச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். படம் வரைந்து, பாகம் குறித்து, சூத்திரத்தைக் கட்டம் கட்டி, கடைசியில் அலகையும் எழுதினால்தான் அவர்களுக்கு விடை எழுதிய திருப்தி. "ஏலே, திருத்துறது மெஷினு. உன் கையெழுத்தப் பாத்து அது மயங்காது" என்று கத்துவேன். எனக்குப் பொறுமை கிடையாது. கத்தினால்தான் எனக்குப் பாடமே ஓடும்.

அந்த வருடம் ஒருத்தி மட்டும் என்னைக் கத்தவிடவில்லை. எட்டயபுரம் தாண்டிப் புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். அப்பாவுக்கு ஆடு மேய்ப்பு, கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. பிளஸ் டூ வரை இங்கே அரசு விடுதியில் தங்கிப் படித்தாள். பரீட்சை முடிந்ததும் விடுதியைப் பூட்டிவிட்டதால் தினமும் ஊரிலிருந்து வந்தாள். கேள்வியைப் பார்த்ததுமே நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளிவிடுவாள். எப்படித் தள்ளினாய் என்று கேட்டால், "இம்புட்டுப் பெருசா வராது டீச்சர்" என்பாள். தொண்டை கிழிய நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

அவளுக்கு இருந்த ஒரே தொல்லை பஸ். அவர்கள் ஊர் பஸ் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. பாதி வகுப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வருவாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான்.

தேர்வு பாளையங்கோட்டையில். சனிக்கிழமை கணக்கு, ஞாயிற்றுக்கிழமை இயற்பியலும் வேதியியலும். இரண்டில் ஒன்றை விட்டாலும் எழுதாததற்குச் சமம். அவளுக்கு அடுத்த வருடம் என்ற ஒன்றும் கிடையாது. வீட்டில் மாமன் மகன் காத்துக்கொண்டிருந்தான், இந்த வருடம் சீட் கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்பது பேசி முடித்த விஷயம்.

காலை பஸ்ஸை நம்பிக் கிராமத்துப் பிள்ளைகள் தேர்வுக்கு வந்துசேர முடியாது. அதனால் வருடாவருடம் பெண்பிள்ளைகளை வெள்ளிக்கிழமையே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் என் அக்கா வீட்டில் தங்கவைப்பேன். "ஏட்டி, கல்யாண வீட்டுலகூட இத்தன பாய் விரிக்கமாட்டாவ" என்று அக்கா முனகுவாள். முனகிக்கொண்டே எல்லாருக்கும் இட்லி அவிப்பாள்.

அந்த வியாழக்கிழமை, அவளுடைய அப்பா மகளோடு மாடியேறி வந்தார்.

"டீச்சர், ஊர்ல பொங்கல் சாட்டியாச்சு. வார செவ்வாக்கெழம பொங்கல். அதுவரைக்கும் யாரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது."

அம்மன் பொங்கலுக்கு நாள் குறித்து ஊருக்குச் சொல்வதைத்தான் சாட்டுவது என்பார்கள். சாட்டிவிட்டால் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுதடைந்தால் ஊருக்குள் வந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர்கள் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி பேசுதீங்க? ரெண்டு வருசம் ஹாஸ்டல்ல கெடந்து படிச்ச பிள்ள. ரெண்டு ராத்திரிக்காக அம்புட்டையும் தூக்கிப் போடச் சொல்லுதீங்களா? இவ பரீட்ச எழுதினா உங்க அம்மன் கோவிச்சுக்கிடுமா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அம்மன் ஒண்ணும் சொல்லாது டீச்சர். ஊர்ல ஒரு பிள்ளைக்கு அம்ம போட்டாலும், யார் வீட்டு ஆடு செத்தாலும், எம் மகளத்தான் சொல்லுவாவ. இவ படிச்சுட்டு எங்கிட்டாவது போயிருவா. நாங்க அங்கனதான இருக்கணும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மறுக்க முடியாத பதிலைவிட எரிச்சல் மூட்டுவது வேறொன்றும் இல்லை. அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"சனிக்கெழம ஆபீஸ் வண்டியில வந்திருதேன் டீச்சர்."

எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ்தான். விடிவதற்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய், வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு வரும் வேன் அது. அரசு பஸ் வராத நாள் உண்டு, அந்த வண்டி வராத வேலைநாள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய எத்தனையோ பிள்ளைகளை அது அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். கடைசியில் அதை நம்பித்தான் ஒருத்தி என்ட்ரன்ஸ் எழுத வரவேண்டும் என்றால் யாரை நொந்துகொள்வது?

"சரி, ஞாயித்துக்கெழம ஆபீஸ் லீவாச்சே?"

"சைக்கிள்ல வச்சு காட்டுப்பாத வழியா மெயின்ரோட்டுக்குக் கொண்டாந்து விட்டுருதேன் டீச்சர். மொத பஸ்ஸப் பிடிச்சிரலாம்" என்றார் அப்பா. அதற்குமேல் பேச இடமில்லை.

சனிக்கிழமை சொன்னபடி வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது, விடியுமுன் எழுந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கணக்குத் தேர்வு முடிந்து வெளியே வந்து, "எல்லாம் போட்டுட்டேன் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான், பொழுதடைவதற்குள் ஊர் போய்ச் சேர ஓடினாள்.

அன்று சாயங்காலம் வடக்கே மின்னத் தொடங்கியது. கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் அண்ணன், எட்டயபுரம் பக்கம் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது என்றான். கரிசல் நனைந்தால் காட்டுப்பாதையில் சைக்கிள் உருளாது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பிக்கொண்டு, கடைசியில் ஆள்தான் சைக்கிளைச் சுமக்க வேண்டியிருக்கும். தார்ரோட்டைச் சுற்றி வந்தால் முதல் பஸ் போயிருக்கும். கரிசல்காட்டில் பிறந்த ஒருத்தி மழையைத் திட்டுவதைப்போலப் பாவம் வேறு கிடையாது. நான் திட்டினேன். "கோட மழைக்கு ஊரே கும்பிடுது, நீ என்னடான்னா" என்று அக்கா என்னை அதட்டிச் சாப்பிட வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மற்ற பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, தேர்வு நடக்கும் கல்லூரியின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் வரமாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளக்கூடத் தொடங்கிவிட்டேன். அப்போது பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தாள். ஓடவில்லை. காலில் சேறு இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"எப்பிடிட்டி வந்த?"

"ஆபீஸ் வண்டியிலதான் டீச்சர்."

"ஞாயித்துக்கெழம ஏதுட்டி ஆபீஸ் வண்டி?"

"நேத்துக் காலைல வண்டியில வாரப்ப, மழ கிழ வந்துட்டா இன்னைக்கு எப்பிடி வரப்போறேன்னு பயத்துல அழுதுட்டேன். எங்க ஊர்ப்பிள்ளைக எல்லாரும் சேந்து, ஒருத்திய முன்னால விட்டு ஆபீஸ்ல கணக்கப்பிள்ளகிட்டப் பேசியிருக்காளுவ. பொங்கலுக்கு லீவு எடுக்கணும்லா, அதுக்குப் பதிலா ஞாயித்துக்கெழம வந்து வேல செஞ்சு குடுக்கோம், வண்டிய மட்டும் அனுப்பிருங்கன்னு."

அந்தப் பெண்களுக்கு வாரத்தில் கிடைக்கும் பகல் அந்த ஒன்றுதான். மருந்து நெடி போகத் தலை முழுகவும், துணி துவைக்கவும், மத்தியானம் கொஞ்சம் கண்ணயரவும் அந்த ஞாயிறுதான். பொங்கலுக்கு வீடு மெழுகும் வேலையும் அந்த வாரம் சேர்ந்து கிடந்திருக்கும்.

"வேற என்ன சொன்னாளுவ?"

"ஒழுங்கா எழுதலன்னா ஊருக்குள்ள வந்திராதட்டின்னாளுவ" என்று சிரித்தாள். மணி அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். என் பிள்ளைதான் உள்ளே பரீட்சை எழுதுகிறது என்று நினைத்துக்கொண்ட யாரோ ஒரு பையனின் அப்பா, "கவலப்படாதீங்கம்மா, இந்த வருசம் பேப்பர் லேசுதான்" என்று சொல்லி எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். மறுக்காமல் குடித்தேன்.

ரேங்க் நன்றாக வந்தது. அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே சீட் கிடைத்தது. சேர்க்கைக்குப் புறப்படும் முன், ஒருநாள் முற்பகலில் அப்பாவும் மகளும் மாடியேறி வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளைப் பிடித்து உட்காரவைத்து, என்னென்னவோ பேசினேன். மாமன் மகன் என்ன ஆனான் என்று கேலியாகக் கேட்டதற்கு, "அவனுக்கு வேற எடம் பாத்தாச்சு" என்று அப்பா வெட்கத்தோடு சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் அவரிடம் சொன்னேன்: "அண்ணாச்சி, உங்க ஊர்லயே மூளைக்காரி இவதான், பாத்துக்கிடுங்க."

அவள் உடனே தலையை ஆட்டி மறுத்தாள்.

"இல்ல டீச்சர். அன்னைக்குக் கணக்கப்பிள்ளகிட்டப் பேசினாள்ல ஒருத்தி, அவதான். அஞ்சாப்பு வரைக்கும் எப்பவும் அவதான் ஃபர்ஸ்ட்டு. நான் ரெண்டாவதுதான் வருவேன். அவ படிப்ப விட்டு நின்னதுக்கு அப்புறந்தான் நான் ஃபர்ஸ்ட்டு வந்தேன்."

"இப்ப எங்கட்டி அவ?"

"இங்கனதான் டீச்சர், ரெண்டு தெரு தள்ளி. ஆபீஸ்ல பெட்டி அடைச்சுட்டு இருப்பா."